ஷிகெருவின் சாப்பாட்டு டப்பா

அன்றைக்குச் சமையல் சற்று விசேஷம். அரிசியோடு பார்லியும் சோயா பீன்ஸும் கலந்த சோறு. தொட்டுக்கொள்ள, மெல்லிசாகச் சீவி வதக்கிய உருளைக்கிழங்கு. இதில் என்ன விசேஷம் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். 1945 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை காலையில் ஹிரோஷிமாவில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரிமென் ஷிகெருவுக்கு 13 வயது. ஹிரோஷிமா மாகாண இரண்டாம் நடுநிலைப் பள்ளியில் முதலாண்டு மாணவன். போருக்குப் போனவர்களின் இடத்தில் நின்று, தாய் ஷிகெகோவுடன் சேர்ந்து, மூங்கில் தோப்பை வெட்டித் திருத்திப் பயிர் வைத்திருந்தான். அந்த மண்ணின் முதல் விளைச்சல்தான் அன்று டப்பாவுக்குள் போனது. மத்தியானம் அதைத் திறந்து சாப்பிடப்போகிற சந்தோஷத்தோடு பையன் வீட்டை விட்டுக் கிளம்பினான்.

இப்போது அந்த டப்பா ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நசுங்கி நெளிந்த உலோகப் பெட்டி, உள்ளே கரி. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கரியிலிருந்தே தொடங்குகிறார்கள், அணுகுண்டு வெடித்த நொடியில்தான் டப்பாவின் கதையே ஆரம்பித்தது போல. எனக்கு அது சரியாகப் படவில்லை. சோற்றில் பார்லியும் சோயாவும் எப்படி வந்தன, 13 வயதுப் பையன் தோப்பை வெட்டி விவசாயம் பார்க்க நேர்ந்தது எதனால், திங்கட்கிழமை காலையில் அவன் வகுப்புக்குப் போகாமல் ஆற்றங்கரைக்கு ஏன் போனான்? இவ்வளவும் ஆகஸ்ட் 6-க்கு முன்பே நடந்து முடிந்தவை. டப்பாவின் பயணமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜப்பானில் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்கு பென்தோ என்று பேர். அம்மா விடியலில் எழுந்து டப்பாவில் அடைத்துத் துணியில் முடிந்து கொடுப்பாள். சீனாவோடு 1937-ல் மூண்ட போர் முடியாமல் இழுத்துக்கொண்டே போனபோது அரசாங்கத்தின் கண் இந்த டப்பாவுக்குள்ளும் விழுந்தது. 1939 செப்டம்பர் முதல், மாதத்தின் முதல் தேதியை நாட்டுக்குத் தொண்டு செய்யும் நாளாக அனுசரிக்கச் சொன்னார்கள். அன்று மது கிடையாது, கேளிக்கை கிடையாது. சாப்பாட்டு டப்பாவில் வெறும் வெள்ளைச் சோறு, அதன் நடுவில் உப்பில் ஊறிய சிவந்த உமெபோஷிக் காய் ஒன்று. பார்ப்பதற்கு ஜப்பானியக் கொடி போலவே இருக்கும். அதற்குக் கொடியின் பெயரே வந்துவிட்டது. அந்தக் காயின் புளிப்பு தினமும் ஒரே இடத்தில் பட்டுப்பட்டு அலுமினிய மூடியில் ஓட்டை விழுந்ததைப் பற்றி அந்தத் தலைமுறைக்காரர்கள் சொல்வதுண்டு.

வேடிக்கை என்னவென்றால், தியாகத்தின் அடையாளமாக அறிவித்த அந்த வெள்ளைச் சோறே சில ஆண்டுகளில் கைக்கு எட்டாத பண்டமாகிவிட்டது.

1941 ஏப்ரலில் ஆறு பெருநகரங்களில் அரிசிக்கு ரேஷன் வந்தது. பிறகு நாடு முழுவதும் பரவியது. வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 330 கிராம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும். ஆனால் மீனும் காயும் எண்ணெயும் ஒழுங்காகக் கிடைக்காத வீட்டில் சோறேதான் முழுச் சாப்பாடு. அதுவும் அரிசியாகவே கிடைத்தால் சரி. ஒரு வாரம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இன்னொரு வாரம் பார்லி, எதுவும் இல்லாவிட்டால் எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் சோயாப் பிண்ணாக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, அரிசிக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். ஷிகெருவின் டப்பாவில் இருந்த கலப்புச் சோறு தாயின் சமையல் ருசியிலிருந்து வந்ததில்லை. ரேஷன் அட்டையிலிருந்து வந்தது.

ஜப்பான் தன் தேவைக்கான அரிசியில் ஒரு பகுதியைக் காலனிகளான கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் கொண்டுவந்தது. கொரிய விவசாயி தான் விளைத்த நெல்லைக் கப்பலேற்றிவிட்டு, மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையைத் தின்று காலம் தள்ளினான். இந்த விவரத்தை ஹிரோஷிமா கதைகளில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1945 மார்ச் கடைசியில் அந்தக் கப்பல்களுக்கும் வழி அடைபட்டது. அமெரிக்க பி-29 விமானங்கள் ஷிமொனொசெகி நீரிணையிலும் ஜப்பானின் உள்நாட்டுக் கடலிலும் பாராசூட்டில் கண்ணிவெடிகளை இறக்கின. அந்த நடவடிக்கைக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரே 'பட்டினி'. ஹிரோஷிமா அந்த உள்நாட்டுக் கடலின் கரையில் இருக்கும் ஊர். அந்தக் கோடையில் ரேஷன் அளவிலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள்.

பள்ளி விளையாட்டுத் திடல்களை உழுது கிழங்கு நட்டார்கள். ஓக் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கிவரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். மூங்கில் தோப்பை விளைநிலமாக்குவது என்ன வேலை என்பது மூங்கில் வேரைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பூமிக்கடியில் பாய் போல் விரிந்து கிடக்கும். அதை ஒரு பெண்ணும் 13 வயதுப் பையனும் செய்தார்கள். அப்படித் திருத்திய நிலத்தில் முதன்முதலாகக் கைக்கு வந்ததை மகனின் டப்பாவில் வைத்துக் கொடுத்தாள் தாய். அன்றைய சமையலின் விசேஷம் அது.

டப்பாவின் உலோகத்தின் மீதும் போருக்குக் கண் இருந்தது. 1941-ல் உலோகம் திரட்டும் ஆணை ஒன்று வந்தது. கோயில் மணிகளை இறக்கி வண்டியேற்றினார்கள், பாலங்களின் கைப்பிடியைக் கழற்றினார்கள். சட்டைப் பொத்தானைப் பீங்கானில் செய்தார்கள். கடைசியில் கையெறி குண்டின் உறையையே பீங்கானில் வார்த்தார்கள். பள்ளிப் பையன் சோறு கொண்டுபோகும் டப்பா மட்டும் எப்படியோ அவன் கையில் மிஞ்சியது.

இனி, பையன் ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்ற கேள்வி. 1944 கோடையிலிருந்து, தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பெருநகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது அரசு. ஹிரோஷிமாவில் அது 1945 வசந்தத்தில் நடந்தது. புத்த கோயில்களில் தங்கி, பசியிலும் வீட்டு ஏக்கத்திலும் அழுதாலும், அந்தப் பிள்ளைகள் உயிரோடிருந்தார்கள். மேல் வகுப்பு மாணவர்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவற்றில் பல நகரின் விளிம்பில் இருந்தன. இடையில் அகப்பட்டது 12, 13 வயது. ஊருக்கு அனுப்பும் வயதைத் தாண்டியவர்கள், எந்திரத்தின் முன் நிறுத்தும் வயது வராதவர்கள். அவர்களுக்கென்று ஒரு வேலை இருந்தது. தீ பரவாமல் தடுக்க நகரின் நடுவே வீடுகளை இடித்து அகலமான வெற்றுப் பாதைகளை உண்டாக்கினார்கள். பெரியவர்கள் தூணை அறுத்து, கயிறு கட்டி இழுத்து வீட்டைச் சாய்ப்பார்கள். ஓடு, மரம், சுவர் மண் எல்லாவற்றையும் சுமந்து ஒதுக்குவது பிள்ளைகளின் வேலை. வெட்டவெளியில், நகரத்தின் மையத்தில், ஆகஸ்ட் வெயிலில்.

ஆகஸ்ட் 6 காலை ஹிரோஷிமாவில் இந்த வேலைக்கு வந்திருந்த மாணவ மாணவிகள் 8,000 பேருக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள். அந்த நகரத்துச் சாவுக் கணக்கில் 12, 13 வயது மட்டும் தனியாக உயர்ந்து நிற்பது தற்செயல் இல்லை. குண்டைப் போட்டது அமெரிக்கா. பிள்ளைகளை அதன் கீழே வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திய ஆணைக்கு ஜப்பானிய அரசின் முத்திரை இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் டப்பாவின் கதை பாதிதான்.

அன்று காலை 7:09-க்கு அபாயச் சங்கு ஊதியது. வானிலை பார்க்க வந்த ஒற்றை விமானம் திரும்பிப் போனதும், 7:31-க்கு ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். பதுங்குகுழிகளை விட்டு ஊர் வெளியே வந்து வேலையைப் பார்க்கத் தொடங்கியது. இரண்டாம் நடுநிலைப் பள்ளியின் முதலாண்டு மாணவர்கள் 300-க்கும் மேற்பட்டோர் நகாஜிமா பகுதியில், ஹொன்காவா ஆற்றங்கரையில், ஆசிரியர்களின் முன் வரிசையில் நின்றிருந்தார்கள். 8:15-க்கு, அவர்கள் தலைக்கு மேல் சற்று வடக்கே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அதற்கு நேர் கீழே தரையிலுள்ள வெடிமையத்திலிருந்து பிள்ளைகள் நின்ற இடம் ஏறத்தாழ 600 மீட்டர். வெடிமையத்தில் தரையின் வெப்பம் 3,000 முதல் 4,000 டிகிரி வரை ஏறியது. 600 மீட்டர் தொலைவு வரை கூரை ஓடுகளின் மேற்பரப்பு உருகிக் கொப்புளித்தது.

டப்பாவுக்குள் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஒளியின் வெப்பம் ஓரிரு நொடிகளில் அடங்கிவிடும். மேலே பட்டதைக் கருக்க அது போதும். மூடிய பாத்திரத்தின் அடிவரை சோற்றைக் கரியாக்கியது, அதன் பின் மூண்டு மணிக்கணக்கில் எரிந்த நெருப்பாகத்தான் இருக்க வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை அடுக்கி மண்ணால் மூடிவிடுவது காற்றுப் புகாமலிருக்கத்தான். காற்று புகுந்தால் சாம்பல், புகாவிட்டால் கரி. இங்கே மூடி செய்த வேலையும் அதுவே. ஊர் சாம்பலானபோதும் டப்பாவுக்குள் இருந்தது உருவம் குலையாமல் மிஞ்சியதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இது.

ஷிகெகோ மகனைத் தேடினாள். ஹிரோஷிமாவில் அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான பெற்றோர் செய்த வேலை அது. முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. சட்டையில் தைத்திருந்த பெயர்த்துண்டு, இடுப்புவாரின் கொக்கி, தாயே தைத்துக் கொடுத்த உடையின் தையல், சாப்பாட்டு டப்பா என்று எரியாமல் மிஞ்சிய ஏதாவது ஒன்றைத்தான் நம்ப வேண்டும். ஆகஸ்ட் 9 விடியற்காலையில் அவள் மகனின் உடலைக் கண்டாள். வயிற்றுக்கடியில் அணைத்தபடி டப்பா இருந்தது.

அதே ஆகஸ்ட் 9-ல், முற்பகல் 11:02-க்கு, நாகசாகியில் இரண்டாவது குண்டு விழுந்தது. அங்கேயும் ஒரு டப்பா மிஞ்சியது. வெடிமையத்திலிருந்து 700 மீட்டர் தொலைவில் இருந்த 14 வயது மாணவியுடையது. அதிலும் கரிந்த சோறு. இப்போது நாகசாகி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஷிகெருவின் டப்பா ஊருக்குத் தெரிவதற்குக் காலம் பிடித்தது. நேச நாட்டுப் படைகள் ஜப்பானை ஆண்ட காலத்தில் அணுகுண்டைப் பற்றி எழுதவும் படம் வெளியிடவும் தணிக்கை இருந்தது. அதன் விசித்திரமான சாட்சி ஒன்று ஹிரோஷிமாவில் இன்றும் நிற்கிறது. மாநகராட்சிப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி இதே வீடு இடிக்கும் வேலையில் 500-க்கும் மேற்பட்ட மாணவிகளை இழந்தது. 1948-ல் அவர்களுக்கு எழுப்பிய நினைவுக் கல்லில் அணுகுண்டு என்ற சொல் இல்லை. நடுவில் நிற்கும் சிறுமி கையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பெட்டியின் மேல் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைப் பொறித்துவிட்டார்கள். தணிக்கைக்காரர்களுக்கு அது ஆட்சேபமாகத் தோன்றவில்லை போலும்.

1955 ஆகஸ்டில் அருங்காட்சியகம் திறந்தபோது அதன் அடிப்படைச் சேகரிப்பு கல்லும் ஓடும்தான். முதல் இயக்குநரான நகாஒகா ஷோகோ நிலவியல் ஆய்வாளர். குண்டு விழுந்த சில நாட்களிலேயே இடிபாடுகளுக்குள் சுற்றி, உருகிய கற்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர். வெப்பம் எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை டிகிரி என்பதைக் கல்லே சொல்லும். அது எந்தக் குழந்தையின் மேல் பட்டது என்பதைச் சொல்லப் பெற்றோர்கள் வந்தார்கள். வீட்டுப் பூஜை மாடத்தில் வைத்திருந்த சட்டையையும் செருப்பையும் டப்பாவையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு எதுவும் கிடைக்காத வீடுகளில் அந்தப் பொருள்தான் பிள்ளையின் எலும்புக்குச் சமானம். அதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது லேசான காரியமாக இருந்திருக்காது. ஷிகெகோவும் கொடுத்தாள். டப்பாவோடு அவள் கொடுத்த இன்னொன்றுதான் என் பார்வையில் முக்கியம். உள்ளே என்ன இருந்தது என்று சொன்னாள். கரியைப் பார்த்து, அதில் முதல் அறுவடை இருந்தது என்று எந்த விஞ்ஞானியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஷிகெருவோடு படித்த மற்ற பிள்ளைகளின் கதை 1969-ல் வெளியே வந்தது. ஹிரோஷிமா தொலைக்காட்சி இறந்த மாணவர்களின் குடும்பங்களைத் தேடிப் போய், ஒவ்வொருவனின் கடைசி மணிநேரத்தையும் கேட்டு, 'இஷிபுமி' என்ற நிகழ்ச்சியைத் தயாரித்தது. நடிகை சுகிமுரா ஹருகோ தனியாக நின்று அதை வாசித்தார். நடிப்பு இல்லை, காட்சி இல்லை, பெயர்களும் அவர்களுக்கு நேர்ந்ததும் மட்டும். பல ஆண்டுகளுக்குப் பின் இயக்குநர் கொரே-எதா ஹிரொகாசு அதே பிரதியை அயாசே ஹருகா வாசிக்க மீண்டும் எடுத்தார். ஆற்றில் குதித்தவர்கள், பாட்டுப் பாடிக்கொண்டே கரையில் கிடந்தவர்கள், வீடுவரை நடந்து வந்து வாசலில் விழுந்தவர்கள் என்று அதில் பலர் வருகிறார்கள். அன்று வரிசையில் நின்றவர்களில் பிழைத்து வளர்ந்தவர் ஒருவரும் இல்லை.

ஹிரோஷிமாவில் இன்னொரு டப்பாவும் உண்டு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வதனபே ரெய்கோ என்ற 15 வயது மாணவியுடையது. அவளும் அதே மாதிரி வேலைக்கு வந்தவள். வெடிமையத்திலிருந்து 500 மீட்டர் தொலைவில், விழுந்து கிடந்த மண்சுவரின் அடியில் பள்ளிக்காரர்கள் டப்பாவைக் கண்டெடுத்தார்கள். உள்ளே பட்டாணியும் அரிசிச் சோறும் கரியாகியிருந்தன. அந்தக் காலத்துக்கு அது விருந்துச் சாப்பாடு. அவள் உடல் கிடைக்கவே இல்லை. புகைப்படக் கலைஞர் த்சுசிதா ஹிரோமி, அருங்காட்சியகத்தில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாக வெற்றுப் பின்னணியில் வைத்து, யாருடையது என்ற நாலு வரியோடு எடுத்த படத்தொகுப்பில் ரெய்கோவின் டப்பாவும் இருந்தது. சோகம் கூட்டும் விளக்கமைப்பு ஒன்றும் கிடையாது. பாத்திரக் கடையின் விலைப்பட்டியலுக்கு எடுத்தது போன்ற படம்.

இந்த இரண்டாவது டப்பாதான் வாஷிங்டனில் ஒரு சண்டைக்குக் காரணமானது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்வெளி அருங்காட்சியகம், போர் முடிந்த 50-ஆம் ஆண்டுக்காக 1995-ல் ஒரு காட்சிக்குத் திட்டமிட்டது. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தின் முன்பகுதி அதன் நடுநாயகம். இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் ஒரு வானியலாளர். விமானத்தைக் காட்டினால் அது போட்ட குண்டு தரையில் செய்ததையும் காட்ட வேண்டும் என்று அவரும் அவருடைய வரலாற்றாசிரியர்களும் நினைத்தார்கள். ஹிரோஷிமாவிலிருந்தும் நாகசாகியிலிருந்தும் சில பொருள்களை இரவல் கேட்டார்கள். அந்தத் திட்டப் பிரதியில் மாணவியின் சாப்பாட்டு டப்பா இடம்பெற்றிருந்தது.

1994 ஏப்ரலில் விமானப்படைச் சங்கத்தின் பத்திரிகை, அந்தப் பிரதியைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை வெளியிட்டது. டப்பாவும் கரிந்த பட்டாணியும் அதில் வந்தன. ஜப்பானியச் சாவுகளின் படம் எத்தனை, அமெரிக்கச் சாவுகளின் படம் எத்தனை என்று எண்ணிக் கணக்குக் காட்டினார்கள். அமெரிக்க லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு சேர்ந்துகொண்டது. செப்டம்பரில் செனட் சபையே கண்டனத் தீர்மானம் போட்டது. அருங்காட்சியகம் பிரதியைத் திருத்தியது, மறுபடி திருத்தியது, மறுபடியும் திருத்தியது. 1995 ஜனவரி 30 அன்று ஸ்மித்சோனியனின் செயலர் மைக்கேல் ஹேமன் காட்சியை ரத்து செய்தார். மே மாதம் ஹார்விட் பதவி விலகினார். ஜூனில் விமானம் மட்டும் தனியாகக் காட்சிக்கு வந்தது.

படைவீரர்களின் கோபத்தை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானியப் படை நடத்திய நான்கிங் படுகொலையையும், போர்க்கைதிகளைச் சாகடித்த பாட்டான் நடைப்பயணத்தையும் பார்த்த தலைமுறை அது. ஜப்பான் படையெடுப்பு ஆசியாவில் கோடிக்கணக்கானவர்களின் வாழ்வைச் சிதைத்ததைச் சொல்லாமல் ஹிரோஷிமாவை மட்டும் காட்டுவது அநியாயம் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹிரோஷிமா அருங்காட்சியகமே 1994-ல் தான் கிழக்குக் கட்டடத்தைத் திறந்து, ஹிரோஷிமா ஒரு ராணுவ நகரமாக இருந்ததையும் ஜப்பானின் போர்ச் செயல்களையும் காட்டத் தொடங்கியது. ஆனால் வாஷிங்டனில் நடந்தது சரித்திரத்தின் விடுபட்ட பக்கங்களைச் சேர்க்கும் முயற்சியாக முடியவில்லை. இருந்த பக்கங்களையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பிரமாண்ட விமானத்துக்கு எதிரே உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பாவை வைத்தால் பார்வையாளர் கண் எங்கே போகும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. ஒரு தரப்பு அதற்காகவே வைக்க விரும்பியது, மறு தரப்பு அதற்காகவே எதிர்த்தது.

அதே ஆண்டு ஜூலையில், அதே வாஷிங்டனில், அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் பீட்டர் குஸ்னிக்கின் முயற்சியால் இரு நகரங்களும் தங்கள் பொருள்களைக் காட்சிக்கு வைத்தன. அதன் பின் ஹிரோஷிமாவும் நாகசாகியும் சேர்ந்து பல நாடுகளில் இத்தகைய காட்சிகளை நடத்திவருகின்றன. எனோலா கே 2003 டிசம்பரில் முழு உருவோடு வர்ஜீனியாவின் சான்டிலியில் உள்ள பெரிய விமானக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குண்டில் தப்பிய முதியவர்கள் ஜப்பானிலிருந்து வந்து, இறந்தவர்களின் எண்ணிக்கையையும் பலகையில் எழுதுங்கள் என்று கேட்டார்கள். அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. இறக்கை நீளம், எந்திரம், எடை, வேகம் பலகையில் இருந்தன. 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 என்ற எண் இல்லை.

ஹிரோஷிமாவில் வேறு வகை வாதம் நடந்தது. அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் ஆளுயர பொம்மைகள் நின்றன. தோல் உரிந்து தொங்க, கைகளை நீட்டியபடி நெருப்பின் நடுவே நடக்கும் உருவங்கள். அங்கே போய்வந்த ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகள் கழித்தும் மறக்காதது அதைத்தான். 2017 ஏப்ரலில் அவற்றை எடுத்துவிட்டார்கள். குழந்தைகளுக்குப் பயங்கரம் தெரிய வேண்டாமா என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தது. உண்மையில் அங்கே நடந்தது பொம்மையைவிடப் பல மடங்கு கொடுமை, பொம்மை அதைச் சிறியதாக்குகிறது என்று அனுபவித்தவர்களிலேயே சிலர் சொல்லிவந்தார்கள். செயற்கையாகச் செய்த எதுவும் வேண்டாம், இறந்தவர்கள் விட்டுப்போனவை மட்டும் பேசட்டும் என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது. 2019 ஏப்ரல் 25-ல் திருத்தியமைத்த முதன்மைக் கட்டடம் திறந்தது. வேலைக்குப் போன மாணவர்களின் கந்தலான உடைகளும் பைகளும் தண்ணீர்க் குப்பிகளும் சாப்பாட்டு டப்பாக்களும் மங்கிய ஒளியில் நடுக்கூடத்துக்கு வந்தன. பொம்மைகளைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து இல்லை. பொம்மையைப் பார்த்தால் பயப்படலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம். டப்பாவைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அதன் பையிலும் ஒரு டப்பா இருக்கும்.

இந்தத் திருத்த வேலைக்காகக் கட்டடத்தின் அடித்தளத்தைத் தோண்டியபோது, கீழே அந்த ஊரே கிடந்தது. அமைதிப் பூங்கா இருக்கும் இடம் குண்டு விழும்வரை கடைகளும் வீடுகளும் கோயில்களும் நெருக்கியடித்த வட்டாரம். போருக்குப் பின் மண்ணைக் கொட்டி உயர்த்தி, அதன் மேல் பூங்காவை அமைத்தார்கள். தோண்டியவர்களுக்குத் தெருவின் தடமும் வீட்டுத் தரையும் பால் புட்டியும் கருகிப்போன சோற்றுக் கரண்டி ஒன்றும் அகப்பட்டன.

அன்று பிள்ளைகள் இடித்து அகலப்படுத்திய தீத்தடுப்புப் பாதைகளில் ஒன்று போருக்குப் பின் 100 மீட்டர் அகலச் சாலையாக நிலைத்துவிட்டது. அமைதிப் பெருவீதி என்று அதற்குப் பெயர். ஹிரோஷிமாவில் மே மாதப் பூ விழா ஊர்வலம் அதன் வழியாகத்தான் போகிறது. ஷிகெருவின் பள்ளி போருக்குப் பின் கன்னோன் உயர்நிலைப் பள்ளியாகத் தொடர்கிறது. அந்த முதலாண்டு மாணவர்களின் நினைவுக்கல் பூங்காவின் மேற்கு ஓரத்தில், ஹொன்காவா கரையில் நிற்கிறது. பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நடுவிலுள்ள வளைவு நினைவகத்தோடு திரும்பிவிடுவதால் அங்கே கூட்டம் குறைவு.

அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இப்போது சுமார் 20,000 பொருள்கள் இருக்கின்றன. காட்சியில் இருப்பது அதில் சிறு பகுதி. வெளிச்சமும் ஈரமும் துணியையும் காகிதத்தையும் தின்றுவிடும் என்பதால் மற்றவை கிடங்கில் இருக்கின்றன. புதிய பொருள்கள் வருவது இன்னும் நிற்கவில்லை. அப்படி வந்தவற்றுக்கென்று அவ்வப்போது தனிக் காட்சியும் வைக்கிறார்கள். பெற்றோர்கள் போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள். இனி பழைய வீட்டைக் காலி செய்யும்போது அலமாரியில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வரப்போகிறவர்கள் பேரப்பிள்ளைகள்தான். பொருள் யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று காலை அவர் என்ன சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார் என்று கேட்டால் சொல்ல முடியாது.